புன்னக்காயலில் ஒரு கம்பளித் தொட்டில்

“சுனாமி நிவாரணம்” என்கிறது கம்பளியின் ஓரத்தில் தைத்த துணிச்சீட்டு. ஆண்டு மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. புன்னக்காயலில் மீனவப் பெண் சகாயமேரியின் வீட்டில் அந்தக் கம்பளி இப்போது தொட்டில். உள்ளே அவள் மகன். அயல்நாட்டுப் போர்க்களம் ஒன்றில் காயம்பட்ட இரு தரப்பினரையும் அந்த ஊரார் கவனித்ததில் பிறந்த, சிவப்புச் சிலுவையை அடையாளமாகக் கொண்ட அமைப்பு அனுப்பிய கம்பளி அது.

“இந்தப் புழுக்கத்துக்குக் கம்பளியான்னு ஊரே சிரிச்சுது அண்ணாச்சி. பொறவு இத்தன வருசங் கழிச்சு ஆத்து வெள்ளத்துல எனக்கு வலி எடுத்தப்ப, இதுல வச்சுத்தான் தூக்கி வள்ளத்துல ஏத்துனாவ. கரை சேருமுன்னயே இவன் பொறந்துட்டான்.”

நிவாரணப் பொருள்களைப் பற்றி எழுத வந்த நான், ஆண்டைப் பார்க்க மடிப்பை மெல்ல விரிக்கிறேன்.

“பைய, பைய! காய்ச்சல் விட்டு இப்பத்தான் உறங்குதான். முழிச்சான்னா நீங்கதான் ஆட்டணும்.”

கையை எடுத்துக்கொள்கிறேன். கம்பளி வந்தது 2004 கடைசியிலா, 2005 தொடக்கத்திலா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.