கம்பு வைத்து ஆடிய ஆட்டம்

என்னை ஏமாற்றியவன் திருடனாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அவன் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றில் பங்கு உள்ளவன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் இரண்டு பூல் டேபிள் போட்டார்கள். பெங்களூரில் யாரோ கழித்துப்போட்டவை. பந்தைக் கம்பால் குத்திக் குழியில் தள்ளுகிற ஆட்டத்தை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. ஆறே மாதத்தில், பந்தயம் இல்லாமல் ஆடுகிறவனுக்கு அங்கே மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. முதலில் டீக்கு ஆடினோம், அப்புறம் பரோட்டாவுக்கு, அப்புறம் ரூபாய்க்கு. நான் அப்போது ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்தால் நேரே மாடிதான்.

பந்தைக் குத்துகிற கோலுக்குக் கியூ என்று பெயர். நாங்கள் கம்பு என்றுதான் சொன்னோம். கடைக் கம்புகள் ஏதோ மலிவு மரம், தகரக் கூரைச் சூட்டில் சித்திரைக்குள் வளைந்துவிடும். டேபிளில் உருட்டினால் நொண்டி நொண்டி ஓடும். ஃபைபர் பூசிய கம்பு ஒன்று இருந்தது, அது வளையாது. ஆனால் பந்தைத் தொட்டது கைக்கே தெரியாது. இன்னொன்று அலுமினியம், ஒட்டடை அடிக்கத்தான் லாயக்கு.

என் கம்பு ஆஷ் என்கிற சீமை மரம். வரிகள் அம்புக்குறி அம்புக்குறியாக நுனிவரை ஓடும். மதுரையில் ஒரு கிளப் பழைய சாமான்களை விற்றபோது மில் போனஸ் முழுவதையும் கொடுத்து வாங்கினேன். கிறிஸ்துமஸ் துணிக்குக் காத்திருந்த அம்மாவிடம் இந்த வருஷம் போனஸ் கிடையாது என்று கூசாமல் சொன்னேன். அந்தப் பொய்யாலேயே அந்தக் கம்பு எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது.

வாங்கித் தந்தது என் கூட்டாளி. பாளையம்பட்டிக்காரன். அந்தக் கிளப்பில் நாலு வருஷம் பந்து அடுக்கி, பாயிண்ட் எழுதும் வேலை பார்த்தவன். கம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. ஆட்டம் பிடித்து வருவது அவன், ஆடுவது நான், வருவதில் பாதிப் பாதி. ஒருநாள் என் கம்பால் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். கம்பை மட்டும் கேட்காதே என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டோம்.

அந்தக் கோடையில் அவன் காரியாபட்டி ஆள் ஒருவரைப் பிடித்து வந்தான். லாரி ஷெட் வைத்திருப்பவர், மேப்பிள் மரக் கம்பு சொந்தமாக உள்ளவர். ரூபாய் வேண்டாம், கம்பு வைத்து ஆடலாம் என்றாராம். அதற்கு ஒரு முறை உண்டு. எந்தக் கம்பை வைக்கிறோமோ அதைக் கொண்டேதான் கடைசிவரை ஆட வேண்டும், நடுவில் மாற்றக்கூடாது. தோற்றவன் தன் கம்பைத் துடைத்து ஜெயித்தவன் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு மனசே இல்லை. அவன்தான் அந்த மேப்பிள் கம்பைச் சொல்லி ஆசை காட்டிச் சம்மதிக்க வைத்தான்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் கம்பை வாங்கித் தடவிப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"மரம் வறண்டு கெடக்குலே. நம்ம வெயிலுக்கு விரிசல் விட்டுரும். வெளக்கெண்ண போட்டு ஊற வையி. ஆட்டம் வரைக்கும் இத வச்சு ஆடாத."

எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த வெயிலில் வளர்ந்தவனுக்கு மரம் என்றால் எண்ணெய். மண்வெட்டியின் பிடிக்கும், சிலம்பக் கம்புக்கும் எண்ணெய் போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். தினமும் பூசி, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, மத்தியான வெயிலில் ஆட்டம். சுற்றி நின்றவர்கள் என்னை நம்பித் தங்களுக்குள் ரூபாய் கட்டினார்கள். முதல் குத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டைவிரல் இடுக்கில் கம்பு வழுக்கிப் போக வேண்டும். அது ஒட்டியது. துடைத்தேன், சூட்டில் எண்ணெய் மறுபடி கசிந்தது. பவுடர் போட்டேன், பரோட்டா மாவாகத் திரண்டது. கூட்டாளியைப் பார்த்தேன். இன்னும் பவுடர் போடச் சொன்னான்.

அப்படியும் ஆட்டத்தை முடிக்கும் கடைசிக் கருப்புப் பந்துவரை வந்துவிட்டேன். குழிக்கு நேராக, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்து. கம்பு விரலில் சிக்கி வெடுக்கென்று போனது. பந்து குழி ஓரத்தில் இடித்து நின்றது. லாரி ஷெட்காரர் அதை மெதுவாகத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

துடைத்துக் கொடுத்தேன். மாடிப்படியில் என் கூட்டாளி கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். நான்தான் தோளில் கை போட்டு அவனைத் தேற்றினேன்.

அதன்பிறகு அவன் வரத்து குறைந்தது. காரியாபட்டியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து மில் சாமான் வாங்க மதுரைக்குப் போனவன், அவனைப் பார்க்காமல் இருக்க முடியாமல், ஒரு சேவுப் பொட்டலத்தோடு வழியில் காரியாபட்டியில் இறங்கினேன். விசாரித்துப் போனால் லாரி ஷெட்டுக்குப் பின்னால் புது டேபிள். அவன் குனிந்து ஆடிக்கொண்டிருந்தான், என் கம்பால். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெயை எடுத்திருந்தான். அம்புக்குறிகள் பளிச்சென்று தெரிந்தன. வடை தின்ற கையோடு ஒருவன் கம்பைத் தொட வந்தான். கூட்டாளி அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"எண்ணக் கையி. இந்த மரத்துக்கு ஒரு சொட்டு ஆவாதுலே."

சொல்லிவிட்டுத் திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான்.

தெரிந்தேதான் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். சுற்றி நின்றவர்கள் கட்டிய பந்தயப் பணமெல்லாம் லாரி ஷெட்காரருக்கு, கம்பு தனக்கு, ஆட்டம் பேசும்போதே முடிவானது என்று தரையைப் பார்த்துச் சொன்னான். எப்படி இவ்வளவு தைரியமாக என்னை நம்பினாய், நான் வேறு யாரிடமாவது விசாரித்திருந்தால் என்று கேட்டேன்.

"நான் சொன்னா நீ ஏன்னு கேக்க மாட்டீல. அதான்."

அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுவரை, ஏன் என்று கேட்காமல் இருப்பதுதான் சிநேகிதம் என்று நான் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். அதைத்தான் அவன் எடைபோட்டு விலை பேசியிருக்கிறான். அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.

கம்பு போனது போகட்டும். இன்றைக்கு என் மனைவி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாலும், இது எதற்கு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் விழுங்குகிறேன். அவள் முகம் சுருங்குவது தெரிகிறது. தெரிந்தும் கேட்கிறேன்.