இருபத்திரண்டு ஆண்டுகள் பிந்திய எழுத்து

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் சமையலறை மேசையில்தான் அது தொடங்கியது. முதியோர் பராமரிப்பு வேலையை முதுகுவலியால் விட்டிருந்தேன். எனக்கென்று வருமானம் இல்லாததால், ஒவ்வொருவருக்கும் வரியின்றி விடப்படும் தொகை, நாங்கள் ‘பிராட்ராக்’ என்று சொல்வது, என் பெயரில் வீணே கிடந்தது. பயன்படாத அந்தப் பங்கு கணவன் மனைவியரிடையே தானாகவே மாறும் என்று வாசித்திருந்தேன். கணவரின் முந்தைய ஆண்டு வரிக்கணக்கில் அதைக் காணவில்லை.

பிழை அவர்களுடையது என்ற உறுதியோடு வரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய பெண் சிறிது நேரம் தேடிவிட்டு, பதிவேட்டில் நாங்கள் இருவரும் மணமாகாதவர்கள் என்று தயக்கத்தோடு சொன்னார். சேர்ந்து வாழ்வது மட்டும் இதற்குப் போதாதாம்.

அதற்கும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே ஊரில் ஒரு மண்டபத்தில், உறவினர் எல்லோரும் பார்த்திருக்க அவர் எனக்குத் தாலி கட்டினார். ‘எழுத்து’ என்று நாம் சொல்லும் சட்டப்பதிவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பெரியவர்கள். தாலி ஏறியபின் அதை யாரும் நினைக்கவில்லை. மற்றவர்களின் படிவங்களையெல்லாம் வாசித்து விளக்கிய நானும்தான்.

அந்தப் பெண் அத்தோடு விட்டுவிடவில்லை. ஆண்டு முடிவதற்குள் பதிந்துகொண்டால் இந்த ஆண்டுக்கே அது மாறும் என்று பொறுமையாக விளக்கி, நகரசபைக்கு எந்த விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்பதையும் சொன்னார்.

கணவர் மறுத்தார்.

“ஊருக்கே தெரியும் நீ என்ர மனுசி எண்டு. இந்த வயசில போய் எழுதினா சனம் சிரிக்கும். பிராட்ராக் போனாப் போகட்டும்.”

“சனம் சிரிக்கட்டும். நாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில படுத்தா, நான் உங்களுக்கு ஆரெண்டு கேப்பினம். தாலியைத் தூக்கிக் காட்டவோ?”

மறுநாள் விண்ணப்பத்தை நிரப்பி, கணினியை அவருடைய தேநீர்க் கோப்பையின் அருகே திறந்து வைத்தேன். தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒப்பமிட்டார்.

ஆண்டு முடியுமுன், மார்கழியில் நகரசபையில் பதிவு நடந்தது. எங்கள் மகளும் அவள் தோழியும் சாட்சிகள். தாய் தகப்பனின் கலியாணத்துக்கு வரக் கொடுத்துவைத்தவள் தான்தான் என்று மகள் டேனிஷில் சொல்லிச் சிரித்தாள். என்னை மனைவியாக ஏற்கிறாரா என்று அலுவலர் முறைப்படி கேட்டதும், பல்லாண்டுகள் டேனிஷிலேயே வேலை செய்த என் கணவர், என்னைப் பார்த்து “ஓம்” என்றார். அலுவலர் காத்திருந்தார். பிறகுதான் கணவர் அலுவலர் பக்கம் திரும்பி, டேனிஷில் “யா” என்றார்.

அடுத்த வரிக்கணக்கில் என் பங்கு அவர் பெயருக்கு மாறியிருந்தது. தாலி கட்டிய அன்று மணவறையில் எங்களை எவரும் எதுவும் கேட்டதில்லை. உறுதியென்று நம்பியிருப்பதையும் ஒருமுறை கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது அன்புக்குக் குறைவல்ல என்பதை, அந்த “ஓம்” நினைவுக்கு வரும்போதெல்லாம் உணர்கிறேன்.