இரண்டு முறை வரும் குறி

எங்கள் எதிர் வீட்டு ஒப்ரென், ஓய்வு பெறும்வரை ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். கைகாட்டி மரத்தின் கை உயர்ந்தால் ரயில் போகலாம், படுத்தால் நிற்க வேண்டும். ஒரு குறிக்கு ஒரே பொருள் என்று பழகிய மனிதர். சட்டையைக்கூட எப்போதும் ஒரே ஆணியில்தான் மாட்டுவார்.

வசந்தத்தில் தன் பழைய சிவப்புக் காரின் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் பாகத்தை, சுத்தம் செய்யக் கழற்றினார். எஞ்சின் சக்கரத்தில் உள்ள கோட்டை, எஞ்சின் மேல் உள்ள குறிக்கு நேராக நிறுத்தி, திரும்ப மாட்டினார். அன்றிலிருந்து சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியாகத் தும்மியதே தவிர, எஞ்சின் ஓடவில்லை.

மொராவா ஆற்றோரத்து எங்கள் தெருவில், திறந்து கிடக்கும் எஞ்சினில் கை வைக்காமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். ஒவ்வொருவரும் பிளம் சாராயத்தோடு வந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருகிவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் வந்தது. குளிர்காலத்துக்கு மிளகாய் சுட அடுப்பு போட, கார் நின்ற கொட்டகை ஒப்ரெனின் மனைவி மிலுன்காவுக்குத் தேவைப்பட்டது.

"சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். ஓடலேன்னா இதை அவன்கிட்ட தள்ளிடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கீழ்த் தெருவில் இரும்புக்காரனின் ஒலிபெருக்கி கேட்டது. ஒப்ரென் முதல் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மிலுன்கா, உன் கட்டைவிரல் வேணும்."

"மோதிரம் போடக் கேட்டப்ப ஒரு விரல் கொடுத்தேன். இப்ப கட்டைவிரலுமா?"

"இந்த ஓட்டையை அடைச்சுப் பிடி. நான் சுத்துறேன்."

அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து பிடித்தாள். அவர் ஸ்பேனரால் மெல்லச் சுற்றினார். கோடு குறிக்கு நேராக வந்து நின்றது.

"காத்து தள்ளுதா?"

"ஒண்ணும் இல்லியே."

"தள்ளணுமே! குறி சரியா இருக்கு."

"உன் குறி கிடக்கட்டும். இன்னொரு சுத்து சுத்துய்யா."

சுற்றினார். கோடு நெருங்கும்போதே மிலுன்கா கத்தினாள்: "யம்மா! விரலைத் தூக்கி எறியுது!"

கோடு மறுபடியும் அதே குறியில் வந்து நின்றது. ஒப்ரென் வாயைத் திறந்தபடி பார்த்தார். ஒரு முறை வருவது புகையை வெளியே தள்ள. இன்னொரு முறை வருவது பெட்ரோல் கலந்த காற்றை நெருக்கித் தீப்பொறிக்குத் தயாராக்க. புகை போகிற வேளையில் அவர் பொறியை வைத்திருந்தார்.

"ஒரே குறி, ரெண்டு அர்த்தமா? ரயில்வேல இப்படி வெச்சா ஊரே செத்துப்போகும்."

"நல்லவேளை, இது கார்" என்றாள் மிலுன்கா.

டிஸ்ட்ரிபியூட்டரை உருவி, அதனுள் சுழலும் ரோட்டரை அரைச் சுற்று திருப்பி, முதல் பிளக்கின் கம்பிக்கு நேராக இறக்கினார். பிளக்கை மாட்டினார். மிலுன்கா சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல், அப்புறம் ஓட்டம். அவர் டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருகித் திருகி, சத்தம் சீராக வந்ததும் போல்ட்டை இறுக்கினார்.

இரும்புக்காரன் வாசலில் வேனை நிறுத்தினான்.

"அக்கா, எங்க அந்தச் செத்த கார்?"

"எழுந்துடுச்சு தம்பி. போயிட்டு வா."

அவளே காரைப் பின்னால் எடுத்துத் தெருவோரம் நிறுத்தினாள். கொட்டகை அவளுக்கு, கார் அவருக்கு.

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு விதோயே பாட்டிலோடு வந்தார். "வாழ்த்துகள் ஒப்ரென்! லேசா இந்தப் பக்கம் திருகினா இன்னும்..."

ஒப்ரென் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "பாட்டில் உள்ளே வரட்டும். கை வெளியேயே இருக்கட்டும்."