கோமுகிப் பக்கம் நின்ற குரல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து தேத்தண்ணீர் போடப் போகிறவன் நான். மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எந்த ஆண்டு நடந்தது, உனக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்பேன்; மூன்றாவது கேள்விக்குள் பெரும்பாலான பேய்கள் போய்விடும். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

கம்போடியாவுக்குப் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கெமர் மன்னர்கள் காட்டுக்குள் கட்டிய சிவன் கோயில்கள், பல்லவ எழுத்தின் சாயலில் வெட்டிய கல்வெட்டுகள் என்று பல வருடமாக வாசித்துக்கொண்டிருந்தேன். சென்ற தைப்பொங்கலுக்கு முந்திய கிழமைதான் வாய்த்தது. மனைவி சுமதி, மகள் அபி, நான். அபிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

பெரிய கோயில்களில் எல்லாம் சனம் நெருக்கியடித்தது. மூன்றாம் நாள், ஒருவரும் போகாத செங்கல் கோயில் ஒன்றுக்குக் கார் பிடித்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் என்னைப் போல் ஒருவர் தேடிப் போவார். ஓட்டுநர் சொக்கா என் வயதுக்காரர், கெமர். ஆங்கிலம் அளவாகப் பேசுவார். வாகனத்தை நிழலில் விட்டுவிட்டு ஒரேயொரு விஷயம்தான் சொன்னார்: கோயிலைச் சுற்றிக் கூட்டி வைத்திருக்கும் பாதையை விட்டு இறங்கவேண்டாம், நட்டிருக்கும் சிவப்பு மரமுளைகளுக்கு அப்பால் மிதிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை. மண்டையோடு கீறிய பலகையும் நின்றது. அதைக் கண்டதும் சுமதி எனக்கு முன்னரே நின்றுவிட்டாள். வன்னியில் அப்படியான பலகைகளுக்கு நடுவே நடந்து பள்ளிக்கூடம் போனவள்.

"கால் வைக்கிற இடத்தைப் பாத்து வை பிள்ளை. புதினம் பாக்கிறதெண்டால் நிண்டுகொண்டு பார்," என்று அபியிடம் சொன்னாள்.

கோபுரம் ஒற்றை வாசல் கொண்டது. உள்ளே வௌவால் நாற்றம், அரை இருட்டு. லிங்கம் இல்லை. எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சதுரக் குழியோடு ஆவுடையார் மட்டும் கிடந்தது. அபிஷேகத் தண்ணீர் வழியும் அதன் கோமுகியிலிருந்து ஒரு கல்வாய்க்கால் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அது ஓடுமா என்று பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. வேறு நாட்டுக்காரன் ஒருவன் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பான். நமக்கோ ஆவுடையாரைக் கண்டால் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். அபியைப் பின்பக்கம் போய் வாய்க்கால் முடியும் இடத்தில் நிற்கச் சொன்னேன். கூட்டிய பாதை அந்தப் பக்கமும் இருந்தது. பிறகு குனிந்து, கையில் இருந்த போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன்.

"வீட்டில சிங்க் அடைச்சு ரெண்டு கிழமை. அதைப் பாக்க நேரமில்லை. இஞ்ச வந்து பைப் பாக்கிறார்," என்று முதுகுக்குப் பின்னால் சுமதி சொன்னாள்.

சிரித்துக்கொண்டே ஊற்றினேன். சுவருக்கு அப்பாலிருந்து அபியின் குரல் வந்தது.

"அப்பா, வருது. இட் ஆக்சுவலி வெர்க்ஸ்."

போத்தல் முடிந்தது. நான் நிமிரவில்லை, குழிக்குள் தண்ணீர் வடிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும் அப்பா, நிப்பாட்டுங்கோ. கால் எல்லாம் நனையுது."

கல்லுக்குள் பழைய மழைத்தண்ணீர் தேங்கி நின்று இப்போது வருகிறதாக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் அபி வேறு யாருக்கோ பதில் சொல்வது கேட்டது.

"ஓகே அம்மா, வாறன்."

"ஆரோட கதைக்கிறாள் உவள்? நான் இஞ்சையெல்லோ நிக்கிறன்," என்றாள் சுமதி என் பின்னால்.

ஓடினேன். நான் வாசலைத் தாண்டி மூலைக்கு வந்தபோது சுமதி ஏற்கெனவே அங்கே நின்றாள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்லின் நுனியிலிருந்து விரல் தடிப்பத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, உள்ளே ஊற்ற ஒருவரும் இல்லை. அபி சிவப்பு முளைகளைக் கடந்து முழங்கால் அளவு புல்லுக்குள் நின்றாள். தீர்த்தம் வாங்கியவள் போல் இரண்டு கையையும் குவித்துப் பிடித்திருந்தாள். முகம் மரங்களின் பக்கம் இருந்தது.

"அபி, அசையாத. அப்பிடியே நில்," என்றாள் சுமதி.

அபி திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு மரங்களைப் பார்த்தாள். "அம்மா, ஸ்டாப் இட். ரெண்டு பக்கமும் நிண்டு கூப்பிடாதேங்கோ. நான் எங்க வாறது?"

அடுத்த அடியை எந்தப் பக்கம் வைப்பாளோ என்பதுதான் எங்களுக்குப் பயம். அவளைத் தூக்கிக்கொண்டு வர நான் புல்லுக்குள் இறங்கப் போனேன், பின்னால் ஓடிவந்த சொக்கா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். மரங்களின் பக்கமிருந்து எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை என்பதைச் சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். ஆனால் சொக்கா மற்றக் கையால் தன் காதைப் பொத்தியிருந்தார்.

சுமதி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினாள். அழுகையை அடக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது. இனிக் கேட்கும் குரல் எதுவும் தன்னுடையதல்ல என்று பிள்ளைக்குக் காட்டுகிறாள். அபி அந்தப் பொத்திய வாயைப் பார்த்தாள். மெல்ல மரங்களின் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டாள். பிறகு அவள் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். குவித்த கை விரிந்து தண்ணீர் கொட்டுண்டது. தான் மிதித்து வந்த புல்லிலேயே ஒவ்வொரு அடியாக வைத்து, தாயின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து வந்தாள். அவள் முளையைக் கடந்து கைக்கு எட்டும்வரை சுமதி வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது கோமுகி காய்ந்து கிடந்தது. கீழே மண்ணும் காய்ந்துதான் இருந்தது. அபியின் சப்பாத்து மட்டும் நனைந்திருந்தது.

திரும்பி வரும்போது சொக்கா பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு ஓட்டினார். ஏன் என்று கேட்டதற்கு வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். வெயில் அப்போது முன்பக்கம்தான் இருந்தது.

மெல்பேர்ண் வந்ததும் நான் எல்லா விளக்கத்தையும் தேடினேன். செங்கல் கோபுரத்துக்குள் பேசினால் குரல் எங்கோ போய் எங்கோ கேட்கலாம். கல்லுக்குள் தண்ணீர் தேங்கலாம். வெயிலில் பிள்ளைக்கு மயக்கம் வந்திருக்கலாம். இவையெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் நடக்கவும் கூடும், நான் மறுக்கவில்லை. ஆனால் அபி அதன்பிறகு தாய் வேறு அறையிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. எழுந்து வந்து வாசலில் நின்று, தாயின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுவாள். சுமதிக்கு அது பெரிய மனவருத்தம். "நான் பெத்த பிள்ளை என்னை ஐடி செக் பண்ணுது," என்று பகிடிபோலச் சொல்லுவாள்.

பிறகு அபிக்கு மல்கிரேவில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை கிடைத்தது. அவள் அதை விட்டுவிட்டுச் சிட்னியில், பரமட்டாவில் கிடைத்த வேலையை எடுத்தாள். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகு கேட்டாள்.

"அப்பா, அம்மா வாயைப் பொத்தினவா எல்லோ. அந்த நேரம் அங்கால மரப்பக்கம் இருந்து என்ன சொன்னதெண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"என்ன சொன்னது?"

"அங்க போகாத பிள்ளை, அது நானில்லை எண்டு. அழுதுகொண்டு சொன்னது."

நான் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கினேன்.

"நீங்கள் தண்ணி ஊத்தேக்க அம்மா உங்களோட உள்ளுக்குத்தானே நிண்டவா? நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"ஓம்," என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டு என் தோளில் சாய்ந்தாள். அன்று கோபுரத்துக்குள் நான் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சுமதியின் குரல் கேட்டது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் சுமதி பின்னால் வந்து பேசினால் உடனே திரும்பிவிடுகிறேன். அவள் சிரிக்கிறாள். "என்னப்பா, பேயைக் கண்ட மாதிரிப் பாக்கிறியள்?"