புளி போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுவார். எனக்கு அது ஆகவே ஆகாது.

அம்மாவின் தம்பி அவர். ஆலங்காயத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய் மேஜிக் செய்வார். காவலூரில் காலை பஸ்ஸைவிட்டு இறங்கி அவர் எங்கள் வீட்டுக்கு நடந்து வரும்போது சட்டைப்பையில் ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்கள் குலுங்கும். எழுபதுகளின் கடைசி அது. அந்த ரூபாயைக் கொடுத்து யாரும் எதுவும் வாங்குவதில்லை என்றாலும், பார்த்தால் எல்லாருக்கும் கை நீளும்.

அவற்றில் ஒன்று முழுக் காசு அல்ல. நிஜ ரூபாய் ஒன்றைப் பின்பக்கமாக லேத்தில் குடைந்து, மெல்லிய மூடிபோல ஆக்கி வைத்திருந்தார். அதற்குப் பெயர் கூடு. இன்னொரு ரூபாயை ஓரம் சீவி அதற்குள் பொருத்திவிட்டால், இரண்டும் சேர்ந்து ஒரே காசாகத் தெரியும். உள்ளங்கையில் இரண்டு ரூபாய் காட்டுவார். கையை மூடுவார். திறந்தால் கூடு தனியாகக் கழன்று மூன்று இருக்கும்.

கூட்டுக்கு ஜோடி சேர்கிற காசுகள் கிடைப்பதுதான் கஷ்டம். ராஜாவின் முகம் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். கறுப்பும் ஒரே அளவாக ஏறியிருக்க வேண்டும். ஒடுகத்தூர் அடகுக் கடையில் கேட்டு வாங்கிவந்த காசுகளைப் பாயில் கொட்டி, பன்னிரண்டு வயது அக்காவை எதிரில் உட்காரவைப்பார்.

"இதுல காது மழுங்கிப் போச்சு மாமா. கூட்டுல காது முழுசா கீது" என்று அவள் ஒவ்வொன்றாக ஒதுக்குவாள்.

"உனக்கு இன்னா கண்ணுடி" என்பார் மாமா.

நானும் ஒரு தடவை ஒரு காசை எடுத்து நீட்டினேன். "அது வேற ராஜா, பாப்பா" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று ராத்திரி நான் அவள் பக்கத்தில் படுக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மாமாவின் மேஜிக் வைத்திருந்தார்கள். தேர்ந்தெடுத்த காசுகளை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு அக்காவிடம் கொடுத்திருந்தார் மாமா. விழாவன்று காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து டப்பாவைத் திறந்தேன். கூட்டுக்குள் போகும் காசை மட்டும் எடுத்துப்போய், அடுப்படிக்குப் பின்னால் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பெல்லாம் போய்ப் பளபளவென்று வந்தது. துடைத்து, கூட்டுக்குள் செருகி, டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். பெயர் கெடப்போவது அவளுக்குத்தானே என்று இருந்தது.

மாமா டப்பாவைச் சோதிக்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை அவள்மேல். மேடையில் இரண்டு ரூபாய் காட்டினார், மூடினார், திறந்தார். இரண்டு கறுப்புக் காசுகளுக்கு நடுவில் ஒன்று வெள்ளை வெளேரென்று கிடந்தது.

முன்வரிசையில் இருந்த ஒருவர், "அந்தக் காசை எங்கியோ ஒளிச்சி வெச்சிருந்தாருப்பா" என்றார். கூட்டம் சிரித்தது. மாமாவின் விரித்த கை விரித்தபடியே நின்றது.

மேடை ஓரத்தில் டப்பாவோடு நின்றிருந்த அக்கா நடுவுக்கு வந்தாள். "அது இப்பத்தாங்க பொறந்துச்சு. பச்சக் கொழந்த வெள்ளையாத்தான இருக்கும்?" என்றாள்.

சிரிப்பு அப்படியே திசை மாறியது. அவள் மாமாவின் கையிலிருந்து மூன்று காசுகளையும் எடுத்துக்கொண்டாள். "தாய்கிட்டயே போய்டு" என்று சொல்லிக் கையை மூடித் திறந்தாள். இரண்டு கறுப்புக் காசுகள்தான் இருந்தன. எப்போது பழகினாள், யாருக்கும் தெரியாது. மாமா செய்யும்போது அந்த ஒரு நொடியில் கட்டைவிரல் லேசாக அசையும், எனக்கே தெரியும். அவள் கையில் எதுவும் அசையவில்லை. பள்ளிக்கூடமே கைதட்டியது. மாமாவும் தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாமா எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். அக்கா காசை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை.

அடுத்த தடவை வந்தபோது மாமா பாயை விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அக்காவும் எழுந்து வர, "நீ படி. பெரிய கிளாஸ் போய்ட்ட. பாப்பா பாத்துக்குவா" என்றார். அவள் கொஞ்ச நேரம் கதவருகில் நின்றாள். நான் வேண்டுமென்றே காசுகளைச் சத்தமாகக் கிளறினேன்.

நாலு வருஷம் மாமாவுக்குக் காசு பொறுக்கிக் கொடுத்தவள் நான்தான். எந்தக் காசை நீட்டினாலும் "சபாஷ்" என்பார். பிறகு நான் பொறுக்கியதை ஒதுக்கிவிட்டு வேறு காசுகளை டப்பாவில் போட்டுக்கொள்வார். அதையும் மேஜிக்கில் ஒரு பகுதி என்றே நினைத்தேன். அக்கா அதன்பிறகு ஒரு காசைக்கூடக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. புளியால் அவளை ஜெயித்துவிட்டதாக எனக்குள் ஒரே பெருமை.

என்னைப் போலவே மாமாவுக்கும் அவள் கையைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. என் கையைப் பார்த்துப் பயப்பட அவருக்கு எதுவும் இல்லாததால்தான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார் என்பதும்.