புத்தகத்தில் ரோடு சமமாகத்தான் இருக்கும்

டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு உடம்பில் முதலில் தேய்வது வலது முழங்கால். ஓட்டுகிறவர் மறந்துபோகிற பிரேக்கையெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து நாம்தானே மிதிக்க வேண்டியிருக்கிறது! சாந்தன்பாறையில் பன்னிரண்டு வருஷமாக நான் அதைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறேன். மூத்தவர் இளையவர் என்று பாராமல் ஊருக்கே நான் ‘மாஸ்டரக்கா’. வீட்டுக்காரருக்குப் போனில் போட்டோ அனுப்பச் சொல்லிக்கொடுத்தவர்கள், மகளுக்குச் சேலை மடிப்பு எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள், யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து நொந்துபோனவர்கள் எல்லோரும் என் கட்சிதான். பின் சீட்டில் இடமிருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள். பெல்ட் போட மறக்க வேண்டாம்.

தப்பான ரோடு

ராஜாமணி சார் தேவிகுளம் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சாந்தன்பாறையில் வீடு கட்டிக் குடிவந்த கையோடு, கார் ஓட்டக் கற்க வேண்டும் என்று வந்து நின்றார். கையில் கார் ஓட்டுவது எப்படி என்று விளக்கும் தடிப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பிலும் நீலத்திலும் அடிக்கோடு. லேர்னர்ஸ் பரீட்சையில் ஒரு கேள்வி கூடத் தப்பாமல் பாஸாகிவிட்டார். வண்டியில் ஏறுவதற்கு முன்பே, “கிளட்ச் பிளேட்டுல எத்தனை ஸ்பிரிங்கும்மா?” என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புத்தக ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

வீட்டில் நாற்காலி போட்டு, பக்கத்தில் அரிசி டப்பாவுக்குள் அகப்பையைக் குத்தி நிறுத்தி, ஒரு மாதம் கியர் போட்டுப் பழகியிருக்கிறார். இது அவர் வீட்டம்மா என்னிடம் அழாத குறையாகச் சொன்னது. அகப்பை நன்றாகத்தான் ஒத்துழைத்திருக்கிறது. என் வண்டி ஒத்துழைக்கவில்லை. பூப்பாறை ஏற்றத்தில், முன்னால் போன ஜீப் நின்றதும் இவரும் நிறுத்தினார். மறுபடி எடுக்கும்போது பாதி கிளட்ச்சில் பிடிக்கத் தெரியாமல் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. நான் என் பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டேன். “என்ன சார் இது?” என்று கத்தினேன். அவர் நிதானமாகப் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினார்.

“இதுல ரோடு சமமா இருக்கு பாருங்கம்மா. நீங்கதான் என்னைத் தப்பான ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க.”

மஞ்சு விலகும் வரை

அதே ராஜாமணி சார், அதே வண்டி, ஜூன் மாதம். மழை விட்டதும் தேவிகுளம் ரோட்டில் மஞ்சு, அதுதான் மூடுபனி, இறங்கிவிட்டது. இங்கே இருக்கிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. லைட்டைப் போட்டு, ஹாரன் அடித்து, மெதுவாக ஊர்ந்துகொண்டே இருப்போம். சார் மட்டும் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டார். பாதை தெரியாத அளவுக்குப் பனி இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். ஓரம் எங்கே சார் என்றேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், ஓரம் என்று ஒன்று இந்த ரோட்டில் கிடையாது, அதனால்தான் நடுவில் நிறுத்தினேன் என்றார்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் தேயிலைக் கொழுந்து டிராக்டர், அதன் பின்னால் பஸ், அதன் பின்னால் டூரிஸ்ட் வண்டிகள். ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த மலையாளி கண்டக்டர், சாரையும் பார்த்தார், மடியில் இருந்த புத்தகத்தையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“சேச்சி, மஞ்சு மாறணும்னா செப்டம்பர் ஆகும். அதுவரைக்கும் பஸ்ஸில இருக்கிறவங்களுக்கு நீங்க சோறு கொடுக்குமோ?”

கியர் போட்டால் கண்ணாடி

புத்தகமாவது தேவலை. அடுத்து வந்த செல்வி போனில் வீடியோ பார்த்துப் படித்தவள். புருஷனும் அவளுமாக ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள். கெஸ்ட்டுகளைத் தானே போய்க் கூட்டிவர வேண்டும் என்று ஆசை. “எல்லாம் தெரியும்க்கா, ஒரு ரவுண்டு மட்டும் ஓட்டிக்கிறேன்” என்று ஏறினாள்.

ஃபர்ஸ்ட் கியரில் வண்டி கிளம்பியது. “செகண்ட் போடு” என்றேன். எஞ்சின் கதறுகிறது, கியர் மாறவில்லை, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் ஒரு சாண் கீழே இறங்கியது. “செகண்டு, செகண்டு!” என்றேன். கண்ணாடி முழுசாக இறங்கிச் சாரல் உள்ளே அடித்தது. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அவள் பார்த்ததெல்லாம் வெளிநாட்டு வீடியோ. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில். என்னுடையது பழைய வண்டி, வலது கைக்கு அகப்படுவது கண்ணாடி சுற்றுகிற கைப்பிடிதான். நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

“ஏன்க்கா, இவ்வளவு லொடக்கு வண்டிய வச்சுக்கிட்டா நீங்க ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றீங்க?”

விடையில் இல்லாத விடை

பாண்டியண்ணன் வேறு ஜாதி மாணவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஜீப் டிரைவர். லைசென்ஸ் கிடையாது. எஸ்டேட்டுக்குள் ஓடுகிற ஜீப்புக்கு யார் லைசென்ஸ் கேட்கப் போகிறார்கள்? இப்போது எஸ்டேட் கைமாறிவிட்டது. புது மேனேஜர், ஓணத்துக்குள் லைசென்ஸ் காட்டினால் ஜீப், இல்லாவிட்டால் மருந்து அடிக்கிற வேலை என்று சொல்லிவிட்டார். பாண்டியண்ணனுக்கு இழுப்பு உண்டு. செடிக்கு மருந்து அடித்த காட்டு வழியாக நடந்து வந்தாலே இரண்டு நாள் மூச்சு வாங்கும். அந்த ஆளை மருந்து அடிக்க அனுப்பினால் என்ன ஆகும் என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும், மேனேஜரைத் தவிர.

எப்படி ஓட்டுகிறார் பார்ப்போம் என்று எஸ்டேட்டுக்குள் அவர் ஜீப்பிலேயே ஏறினேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். வழுக்குச் சேற்றில், தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே, ரிவர்ஸில் ஒரு வளைவு ஏறினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் கால் சும்மா இருந்தது. இவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கூச்சமாகவே இருந்தது.

லேர்னர்ஸ் பரீட்சையில் ஃபெயிலாகித் திரும்பி வந்தார். கம்ப்யூட்டரில் தமிழில்தான் கேட்டிருக்கிறார்கள். ரோட்டில் கோடு போட்ட இடத்தில் ஆள் குறுக்கே போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. நிறுத்துவேன், ஹாரன் அடிப்பேன், வேகமாகப் போவேன் என்று மூன்று விடை. எதையும் தொடாமல் நேரம் முடிகிற வரை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் அண்ணே என்று கேட்டேன்.

“எங்க ரோட்டுல குறுக்க போறது யானை மட்டுந்தான் மாஸ்டரக்கா. அத பாத்தா ரிவர்ஸ்ல போகணும். அந்த விடைய அவங்க போடவே இல்லையே!”

தோன்றுவதைத் தொடாதே

புத்தகத்துக்கு ஆள் தேடி நான் எங்கே போவேன்? ராஜாமணி சாரைப் பிடித்தேன். அன்றிலிருந்து என் ஆபீஸ் டியூஷன் சென்டர் ஆகிவிட்டது. சார் தாலுகா ஆபீஸ் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் கேள்வி வாசிப்பார். பாண்டியண்ணன் ஒவ்வொன்றுக்கும் சண்டைக்கு நிற்பார். பள்ளி அருகே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால், எஸ்டேட் பள்ளிக்கூடம் மூடி எட்டு வருஷமாச்சு என்பார். ஓய்வு பெற்ற பிறகு தன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சார் என் டீயை எல்லாம் குடித்துத் தீர்த்தார். நடுவில் நான் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடலாமா என்று பல தடவை நினைத்தேன்.

இரண்டாவது தடவை பாண்டியண்ணன் பாஸ். எப்படி சார் பாஸ் பண்ண வைத்தீர்கள் என்று நிஜமான மரியாதையோடு கேட்டேன். கிளம்பும்போது காதில் சொல்லி அனுப்பிய மந்திரத்தை எனக்கும் சொன்னார்.

“‘பாண்டி, உனக்கு எது சரின்னு தோணுதோ அதைத் தொடாதே’ன்னேன்மா. அவ்வளவுதான்.”

தலை வெளியே

ஒரு மாதம் கழித்து ஓட்டிக் காட்டுகிற டெஸ்ட். கேரளாவில் வண்டி ஓட்டக் கற்றவர்களுக்கு அதன் பெயர் ‘எச்’. தரையில் கம்பிகள் நட்டு, ‘எச்’ எழுத்து வடிவில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். கம்பியில் பட்டால் போச்சு. ஆகஸ்டில் ராஜாமணி சாருக்கும் பாண்டியண்ணனுக்கும் ஒரே நாளில் டெஸ்ட் அமைந்தது.

சார் எச் போடுவதை மனப்பாடம் செய்திருந்தார். மூன்றாவது கம்பி தோளுக்கு நேரே வந்ததும் ஒன்றரைச் சுற்று, கண்ணாடியில் கடைசிக் கம்பி தெரிந்ததும் நேராக்கு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கம்பியில் படாமல் முடித்தார். ரோடு டெஸ்ட்டுக்கும் டெஸ்ட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சமமான ரோடுதான் கிடைத்தது. பாஸ்! தெருவைக் கடக்கக்கூட நான் தனியாக அனுப்பத் தயங்குகிற மனிதர் பாஸ். பாண்டியண்ணன் ரிவர்ஸ் எடுத்ததும், இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பின் சக்கரத்தைப் பார்த்தார். தலையை நீட்டக் கூடாது, கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். விசில் ஊதிவிட்டது. அவர் இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ஓணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், மலையாளம் கலந்த தமிழில் சிரிக்காமல் சொன்னார்.

“ஓட்டினதெல்லாம் நல்லா இருந்தது. பக்ஷே தலை டெஸ்ட்டுக்கு வெளியில போயாச்சு. தலை இல்லாத ஆளுக்கு நான் எப்படி லைசென்ஸ் கொடுக்கும்?”

இரண்டு பக்கமும் பள்ளம்

மறு டெஸ்ட்டுக்குப் பத்து நாள். கண்ணாடியைப் பாருங்கண்ணே என்று தொண்டை வறளக் கத்தினேன். அவர் ஜீப்பில் கண்ணாடி உடைந்து பல வருஷம், அதற்குப் பிறகு அவர் கண்ணாடி பார்த்தது முகம் சிரைக்க மட்டும்தான். ஜன்னலை ஏற்றிவிட்டேன். ரிவர்ஸ் போட்டதும் ‘டங்’. நெற்றி போய் ஜன்னல் கண்ணாடியில் மோதியது. மறுபடி போட்டார், மறுபடி ‘டங்’. மூன்றாம் நாள் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. வீட்டில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு வேறு.

தலையை அடக்கினால் கம்பியில் இடிப்பார். கம்பியைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். “கம்பிதானக்கா, இடிச்சா என்ன, அதுதான விழும்!” என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. “கம்பி இல்லண்ணே அது! அதைத் தாண்டினா பள்ளம்! இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம், பின் சீட்டுல உங்க பிள்ளைங்க!” என்று கத்திவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி மாறியது. தலை அசையவில்லை, கண் மட்டும் இரண்டு கண்ணாடிக்கும் போய்ப் போய் வந்தது. ஒரு கம்பி ஆடாமல் எச் முடிந்தது. வண்டியை அணைத்துவிட்டு, புடைப்பைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தார்.

“இத மொத நாளே சொல்லிருந்தா நான் எதுக்குக்கா மண்டைய ஒடைச்சுக்கிறேன்?”

என்னிடம் இருப்பது

இதற்குள் ராஜாமணி சார் வெள்ளைக் கார் ஒன்று வாங்கிவிட்டார். வாங்கி ஒரு வாரம் ஆகியும் அது ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவர் வீட்டு வாசலில் ஏற்றம். ஒருநாள் காலையில் என்னிடம் வந்து, நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். நீங்கள்தான் பாஸாயிற்றே சார் என்று கொஞ்சம் வாயாடினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“லைசென்ஸ் எங்கிட்ட இருக்கும்மா. டிரைவர்தான் இல்ல.”

கேட்டைத் தாண்டி

ஓணத்துக்கு நான்கு நாள் முன்னால் பாண்டியண்ணன் பாஸானார். மேனேஜர் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, ஜீப் சாவியை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்று சாயந்திரம் என் ஆபீஸ் வாசலில் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. சாமான் வாங்கிவர அனுப்பியிருக்கிறார்கள். இறங்கிவந்தவர் வாசலிலேயே நின்றார். வாழ்த்துச் சொன்னேன், டீ சொன்னேன், உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

“இருபத்திரண்டு வருசமா எஸ்டேட் கேட் பக்கத்துல ஜீப்ப நிறுத்திட்டு, ஊருக்குள்ள நடந்துதான் வருவேன், அரிசி மூட்டையக்கூடத் தலையில வச்சுத்தான் கொண்டுபோவேன் மாஸ்டரக்கா. இன்னைக்குத்தான் கேட்டத் தாண்டி ஓட்டிட்டு வந்தேன்.”

ராஜாமணி சாருக்கும் பாண்டியண்ணனுக்கும் அரசாங்கம் ஒரே மாதிரி அட்டைதான் கொடுத்திருக்கிறது. வளைவில் எதிரே வருகிறவர் எந்த அட்டைக்காரர் என்பதை நீங்களேதான் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.