சமாதானம் சொல்லாத கை

1. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், என் எலெக்ட்ரிக் கிடாரின் மூன்றாம் தந்தியை முறுக்கும் சாவி துருப்பிடித்து இறுகியது. அந்தத் தந்தி அரைச் சுரம் தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது.
2. வால்யூம் குமிழைத் தொட்டால் கரகரப்பு. முழுதாகத் திருப்பி அப்படியே விட்டேன்.
3. தந்தியிலிருந்து கையை எடுத்தால் ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது.
4. ஞாயிறு பூசையில், தேவாலயமே அமைதியாக இருந்தபோது, கையை எடுத்தேன்.

முதல் இரண்டையும் சமாளித்திருந்தேன். மற்றத் தந்திகளையும் அதே அளவு தாழ்த்தி, கிடார் கழுத்தின் முதல் கட்டத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினால் சுருதி சரியாகிவிடும். சத்தம் குறைய வேண்டிய இடத்தில் கட்டைவிரல் சதையால் மீட்டுவேன். உறுமலுக்குத்தான் வழியில்லை. என் உடம்பு தந்தியைத் தொட்டிருக்கும்வரை அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

நற்கருணைக்கு முன்பு, அருகில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பி "சமாதானம்" சொல்வது பூசையில் வழக்கம். பாடகர் குழுவில் என் அருகில் நிற்பவர் கீபோர்டு வாசிப்பவர். குழுவை நடத்துவதும் அவர்தான். அவருக்குக் கைகூப்பினேன். ஸ்பீக்கர் உறுமியது.

"உப்பளத்து மோட்டார கோயிலுக்குள்ள கொண்டாந்துட்டியா?" என்றார், வெளியே வந்ததும். நான் மின்னியலில் டிப்ளமோ படித்தவள், உப்பள மோட்டார்களைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை. குழு சிரிக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னார். சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு கையைத் தந்தியிலேயே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தேன். உறுமல் வரவில்லை. அவர் முகம்தான் மாறியது.

"எல்லாரும் கையெடுத்துக் கும்புடுறாங்க. இந்தம்மாவுக்கு மட்டும் தலையாட்டினா போதுமாம்."

"கைய எடுத்தா கத்துதுண்ணே. கத்தினாலும் நீங்கதான் திட்றீங்க."

"ரெண்டும் இல்லாம வாசிக்க முடிஞ்சா தேர்த் திருவிழாவுக்கு வா. இல்லன்னா கிடாரு வீட்ல இருக்கட்டும், நீ கோரஸ்ல நில்லு. அதுக்கு கரண்டு வேணாம்."

மறுபடியும் சிரித்தார்கள். திருவிழாப் பாடல்களுக்கான முன்னிசையை நான் அமைத்திருந்தேன். கிடார் இல்லையென்றால் அது அவருடைய கீபோர்டுக்குப் போகும். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கைதான் தொட வேண்டும் என்றில்லை, உடம்பு தொட்டால் போதும். தந்திகள் வந்து சேரும் உலோகப் பாலத்திலிருந்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை இறக்கி, சுடிதாருக்குள் விட்டு, கால் கொலுசில் மாட்டினேன். ஆம்ப்ளிஃபையரில் கோளாறு வந்தால் கரண்ட் என்மேல் பாயாமலிருக்க நடுவில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தேன். அந்த மனிதருக்காகச் சாக எனக்கு விருப்பமில்லை. வீட்டில் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

திருவிழாப் பூசையில் முன்னிசையெல்லாம் நான்தான் வாசித்தேன். சமாதான நேரம் வந்தது. அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். கண் என்னவோ ஸ்பீக்கர் மேல்தான். நான் இரண்டு கைகளையும் தந்தியிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து, அவர் நன்றாகப் பார்க்கும்படி உயர்த்தினேன். ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. அவர் கூப்பிய கையோடு காத்திருந்தார். நான் கைகளைத் திரும்பவும் தந்தியின் மேல் வைத்துக்கொண்டேன்.

சாவி இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. பென்சில் இருக்கிறது. ஞாயிறுதோறும் வாசிக்கிறேன், உறுமல் இல்லை. அவருக்கு நான் சமாதானம் சொல்வதில்லை.